பூவாடைக்காரியைத் திருடியவள்

நான் ஒரு பெண்ணைத் திருடினேன். உயிரோடு இருக்கிற பெண்ணை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தியை. என் சிநேகிதி தனத்தின் வீட்டு மூதாதையை என் வீட்டு மூதாதை என்று சொல்லி, அவள் வழியில் வந்த ஜனம் அத்தனையையும் எனதாக்கிக்கொண்டேன்.

நகையைத் திருடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சொந்தத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

படிக்கிற நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இந்தத் திருட்டால் நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல! அதை மறைத்தால் இந்த வாக்குமூலமும் இன்னொரு பொய்யாகிவிடும்.

என் பெயர் கஸ்தூரி. உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டினாற்போல் எங்கள் ஊர். ஊரில் நிலம் இல்லாதவர்களின் தெரு எங்களுடையது. நான் பால்வாடி டீச்சர். இன்று மீசையை முறுக்கிக்கொண்டு பைக்கில் போகிறவர்களில் பாதிப்பேருக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான்தான். ஆகையால் நான் சொன்னால் ஊர் நம்பும். நம்பியது. அதுதான் வினை!

பிறந்ததும் இதே ஊர், வாழ்வதும் இதே ஊர். அப்பாவுக்கு நான் ஒரே பெண். அவரும் அம்மாவும் போனபிறகு பிறந்த வீடு என்று எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பங்காளிகளும் இல்லை. ஓரிக்கையிலிருந்து வந்து எங்கள் வீட்டோடு தங்கிவிட்ட என் வீட்டுக்காரர் சண்முகம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர். ஆனால் புருஷன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும் அண்ணன் தம்பி ஆகிவிடுவானா?

ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருவில் எல்லாப் பெண்களின் வீட்டு வாசலிலும் பிறந்த வீட்டுச் சீர் வந்து இறங்கும். கரும்பு, மஞ்சள் கொத்து, சேலை. நான் அன்றைக்கு மட்டும் பால்வாடியின் ஒட்டடையை அடிக்கப் போய்விடுவேன். விடுமுறை நாளில் ஒட்டடை அடிக்கிற டீச்சரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

தனம் எனக்குச் சிறியவள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளும் ஒரே பெண், அவளுக்கும் வீட்டோடு மாப்பிள்ளை. அவளுடைய அம்மா குப்பம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். பெரியம்மா படுத்த படுக்கையானபோது தனம் ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகலில் பால்வாடியிலிருந்து ஓடிவந்து கஞ்சி ஊற்றுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் என் பொறுப்பு.

அப்படி ஒரு பகலில்தான் பெரியம்மா அதை என்னிடம் சொன்னாள்.

அதற்கு முன் பூவாடைக்காரி யாரென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில், கன்னியாகவோ தாலியோடோ செத்துப்போன பெண்ணை அந்த வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது வழக்கம். அவள்தான் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைப் பம்பை அடித்து அழைக்க வேண்டும். அவள் யார் மேலாவது அருளாக வந்து "நடத்து" என்று சொன்னபிறகுதான் பந்தக்கால். தனத்தின் வீட்டுப் பூவாடைக்காரி பழைய காலத்தில் ஏரியில் விழுந்து செத்துப்போனவள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தனத்துக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

"அவ ஏரில சாவலடி கஸ்தூரி," என்றாள் பெரியம்மா. "தாயம்மான்னு பேரு. பண்ண வூட்டுக் கொல்லையில நெல்லு குத்திகினு இருந்தாளாம். கணக்கன் வந்து கைய புட்சி இஸ்த்தான். ஒலக்கையால ஒரே போடு! மண்ட ரெண்டாப் பூட்சி."

"அய்யோ! அப்பால?"

"அப்பால இன்னா, போலீசு வண்டில ஏத்திகினு செங்கல்பட்டு ஜெயிலுக்குப் போச்சு. அவ அண்ணங்காரன் வண்டி பின்னாலயே ஓடினானாம். கையில கேவுரு அடை. பாலாத்து மணல்ல வண்டி சிக்கிச்சாம். அப்ப ஓடிப்போயி அத்த அவ மடியில போட்டானாம். அதான் கடேசி. அந்தமானுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க."

கொலைகாரி வீடு என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே பண்ணை வீட்டுக்காரன் குடிசையைக் கொளுத்திவிடுவான். ஆகையால் கொஞ்ச நாள் பொறுத்து, ஜெயில் பேச்சையே எடுக்காமல், அவள் ஏரியில் விழுந்துவிட்டாள் என்று எட்ட இருந்த ஜனத்திடம் சொல்லிவைத்தார்களாம். சொல்லச் சொல்ல அதுவே கதையாகிவிட்டது. தீவுக்குப் போனவள் திரும்ப மாட்டாள், செத்தவள்தானே என்று சேலை வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையை மாமியார் மருமகளுக்கு மட்டும் சொல்லிச் சொல்லி அது பெரியம்மா வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. பெரியம்மாவுக்குத்தான் மருமகளே இல்லையே!

"தனத்துக்கு வாயில ஒண்ணு நிக்காது. பொண்ணு சங்கீதாவுக்குக் கல்யாணம் முடியட்டும். அப்பால நீ சொல்லு. சொல்லுவ இல்ல?"

"சொல்றேன் பெரிம்மா," என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் என்னை நம்பிக் கண்ணை மூடினாள்.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து ஒருநாள், பால்வாடியில் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். சண்முகத்தின் ஆட்டோ வந்து நின்றது. முழுக்கைச் சட்டை வேர்வையில் நனைந்த ஒரு மனிதர் இறங்கினார். நாற்பதைத் தாண்டியவர். "டீச்சரக் கேளுங்க சார், அவளுக்குத் தெரியாதது இல்ல," என்று என் வீட்டுக்காரர் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார். அவர் வாயால் என்னைப் புகழ்ந்ததே அந்த ஒருமுறைதான். அது எங்கே கொண்டுவிட்டது பாருங்கள்!

"அக்கா, நமக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வருது," என்றார் அவர். "என் பேரு ராம்தாஸ். போர்ட் பிளேர். என் தாத்தாவோட அம்மா இந்த ஊரு. கைதியா வந்தாங்க. தாயம்மான்னு பேரு. தெரியுமா அக்கா?"

என் கையிலிருந்த சாதக் கரண்டி அப்படியே நின்றது.

சுற்றுப்பட்ட ஊர்களில் எல்லாம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். உலக்கை, கொலை என்று கேட்டதுமே "எங்களுக்குத் தெரியாது சார்" என்று எல்லாரும் ஒதுங்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் அதே பதில். மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டுமாம். "நமக்கு இங்க யாரும் இல்ல போல," என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு சின்ன நாற்காலியில்!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கை எண்ணி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அல்லது வாக்காவது ஒன்றாவது என்று தனத்தின் வீட்டைக் காட்டியிருக்கலாம். இரண்டுமே நியாயம். இரண்டையும் நான் செய்யவில்லை.

"அவளோட அண்ணன் வண்டி பின்னாலயே ஓடினான்," என்றேன்.

அவர் தலை நிமிர்ந்தது. "ஓடினான்! கையில ரொட்டி..."

"ரொட்டி இல்ல தம்பி. கேவுரு அடை."

"அடை! அடை!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். நாற்காலி அவரோடு சேர்ந்தே எழுந்தது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். தங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருநாள் தேங்காய் போட்டு அடை என்ற ஒன்றைச் சுடுவார்களாம். எதற்கென்று பாட்டன் மட்டும் சொல்லியிருக்கிறாராம்.

"அப்போ நீங்கதான் தாயம்மா வீடா?"

"ஆமா," என்றேன்.

ஒரே ஒரு சொல்! அதைச் சொல்வதற்கு எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அவர் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். தரையெல்லாம் சோற்றுப் பருக்கை. எழுந்தபோது அவர் சட்டையெல்லாம் சாம்பார். அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன். அந்த அழுகை மட்டும் பொய்யில்லை.

தாயம்மாவின் வாழ்க்கையை நான் கேட்டது அன்றைக்குத்தான். பால்வாடித் தரையில் உட்கார்ந்து ராம்தாஸ் சொல்லச் சொல்ல, தெருவே வந்து கூடிவிட்டது.

கப்பலில் அடித்தட்டில் பெண்களை அடைத்திருந்தார்களாம். எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்க, இவள் மட்டும் ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாளாம், "இந்த ஏரிக்கு மடை எங்கடி?" என்று. தீவில் பெண்கள் ஜெயில். கோதுமை அரைக்க வேண்டும், தறி நெய்ய வேண்டும். ரொட்டியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சோறு, சோறு என்று சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் காவல்காரியே "சோறு" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாளாம்.

அடி வாங்காமல் இல்லை. ஜுரத்தில் செத்துப் பிழைக்காமல் இல்லை. கூட வந்த பெண்களில் பலபேரை அந்த மண்ணில் புதைத்தார்கள் என்றார் ராம்தாஸ். ஆனால் தாயம்மா தன் பிள்ளைகளிடம் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வரியில் முடித்துவிட்டு, மாட்டைப் பற்றிப் பேசப் போய்விடுவாளாம்.

நல்ல நடத்தையோடு சில வருஷம் கழித்தால், கல்யாணம் செய்துகொள்ள சர்க்கார் அனுமதி. ஆண் கைதிகளை வரிசையாக நிறுத்துவார்கள். பெண்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்! எங்கள் தெருப் பெண்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். "இன்னாக்கா இது, ஜெயில்லயே நம்மளவிட சொகுசா கீது!" என்றாள் ஒருத்தி. வரிசையில் எல்லா ஆண்களும் விறைப்பாக நின்றார்களாம். ஒருவன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டு நின்றான். ஜமேதாரின் தலைப்பாகை மேல் காக்கை எச்சமிட்டிருந்தது. தாயம்மா அவனைக் காட்டி "இவன்" என்றாள்.

அவன் பெயர் ராம்தீன். பீகாரி. மாடு திருடப் போய் ஆளை அடித்தவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இந்தி தெரியாது. அவள் தமிழில் திட்டுவாள், அவன் இந்தியில் திட்டுவான். என்ன திட்டினார்கள் என்று இருவருக்கும் புரியாததால் பொழுதுசாயச் சமாதானமாகிவிடுவார்கள். கொஞ்சம் நிலம், குடிசை, தென்னை, மாடுகள், வீடு நிறையப் பிள்ளைகள்.

"எங்க வீட்டுல முரட்டுக் காளைக்கு எப்பவும் ஒரே பேரு அக்கா. கணக்கா! இப்பவும் ஒண்ணு இருக்கு. என்ன அர்த்தம்னு தெரியாது."

நான் சொன்னேன். கணக்கன் யாரென்று சொன்னேன். ராம்தாஸ் முதலில் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள்... சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு! "பாட்டி அத டெய்லி உதைச்சாங்களாம் அக்கா! டெய்லி!" தெரு முழுக்கச் சிரித்தது. செத்தும் கொடுத்துவைக்காத கணக்கன், தீவில் மாடாகப் பிறந்து தலைமுறை தலைமுறையாக உதை வாங்கியிருக்கிறான்!

தண்டனைக் காலம் முடிந்ததும் ஊருக்குப் போகிறாயா என்று துரை கேட்டானாம். "அங்க நான் செத்தவ," என்றாளாம் தாயம்மா. அவள் சொன்னது சரிதான். அவள் அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, இங்கே அவளுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பொங்கலன்று மட்டும் கடற்கரைப் பக்கம் பார்த்து, "சீர் எடுத்துனு என் அண்ணன் இந்த வருசமும் வரல, எரும மாடு!" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாளாம்.

அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே சண்முகத்தை உத்திரமேரூர் கடைத்தெருவுக்கு விரட்டினேன். சேலை, மஞ்சள், வெல்லம், கரும்பு. தட்டில் வைத்து ராம்தாஸின் கையில் கொடுத்தேன். தாயம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர்! யார் கொடுக்க வேண்டிய சீரை யார் கொடுத்தது... அந்த நினைப்பு அப்போது எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வந்தது. வெல்லத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்த தனம் விஷயத்தைக் கேட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவளோ என்னைக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா! உனக்குன்னு ஒரு ஜனம் கெட்ச்சுதே யக்கா! பொங்கலுக்கு நீ ஒட்டட அடிக்கப் போறப்பல்லாம் எனக்கு எப்டி இருக்கும் தெரியுமா?"

இவளுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமாகத் தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவள் அப்படியே வீட்டுக்குப் போய் நண்டுக் குழம்பு வைத்து எடுத்துவந்து ராம்தாஸுக்குப் பரிமாறினாள். தன் கொள்ளுப்பாட்டனின் தங்கை வழிப் பேரனுக்கு, பக்கத்து வீட்டுக்காரியாக! "பக்கத்து வீட்டு அக்கா குழம்பு ஏ ஒன்," என்று ராம்தாஸ் விரலை நக்கினார்.

அதன்பிறகு எனக்குத் திருவிழாதான். பொங்கல் தவறாமல் ராம்தாஸ் மனைவி சுனிதாவோடும் பிள்ளைகளோடும் வந்துவிடுவார். தேங்காய், கருவாடு, சேலை, சங்கு மாலை. என் வாசலில் சீர் இறங்கும்போது நான் வேண்டுமென்றே தாமதமாகக் கதவைத் திறப்பேன். தெரு பார்க்கட்டுமே! அவர்களுடைய சின்னப் பெண் என்னை "அத்தை, அத்தை" என்று சுற்றிச் சுற்றி வரும். நாங்களும் ஒருமுறை விமானம் ஏறிப் போர்ட் பிளேருக்குப் போனோம். விமானத்தில் சண்முகம் என் கையை விடவே இல்லை. பயத்தில்தான்! அங்கே எனக்கு மாலை போட்டு ஊர்வலமாக அழைத்துப்போனார்கள். நான் கணக்கனையும் பார்த்தேன். கொழுத்த காளை. ஒரு உதை விட்டேன். கை தட்டினார்கள்!

வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை.

இந்தப் பக்கம் தனத்தின் வீட்டில் சங்கீதாவுக்கு வரன் கூடி வரவில்லை. நர்சு வேலை பார்க்கிற, கண்ணுக்கு லட்சணமான பெண். வருகிறார்கள், பஜ்ஜி சாப்பிடுகிறார்கள், போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொல்கிறார்கள். அத்தோடு சரி. ஒருமுறை நிச்சயம் வரைக்கும் வந்தது. வழக்கப்படி பூவாடைக்காரியை அழைத்தார்கள். பம்பைக்காரருக்குக் கை ஓய்ந்ததே தவிர யார் மேலும் அருள் வரவில்லை. அந்தச் சம்பந்தமும் முறிந்தது. குறி சொல்கிறவள், "உன் வூட்டு பூவாடக்காரி மொகத்தத் திருப்பிகினா," என்று சொல்லிவிட்டாள்.

"நான் இன்னா கொற வெச்சேன் யக்கா? எதுக்கு எம்மேல கோவம் அவளுக்கு?" என்று தனம் என் மடியில் முகம் புதைத்து அழுவாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுப்பேன். "கோவமெல்லாம் இருக்காதுடி," என்பேன். உள்ளே ஒரு குரல்... "எப்படி வருவாள்? அவளைத்தான் நீ உன் வீட்டில் பிடித்துவைத்திருக்கிறாயே!" சாமி, பூதம் எல்லாவற்றையும் பாதி நம்பிப் பாதி நம்பாதவள் நான். அந்த அழுகைக்கு முன்னால் முழுதாக நம்பினேன்.

ஆனாலும் சொல்லவில்லை. பெரியம்மாவே கல்யாணத்துக்குப் பிறகுதானே சொல்லச் சொன்னாள் என்று எனக்கு நானே சமாதானம். எவ்வளவு சௌகரியமான வாக்கு பாருங்கள்! மறைக்கச் சொன்னாள், சரி. எடுத்துக்கொள்ளவா சொன்னாள்?

கடைசியில் ஒரு வரன் கூடியது. வாலாஜாபாத் பையன், தங்கமானவன். சங்கீதாவுக்கும் பிடித்துவிட்டது. தனம் மட்டும் ஒரே பிடியாக நின்றாள்.

"இந்தத் தபா அவ வரலன்னா தாலி கட்ட வுட மாட்டேன் யக்கா. சாமி குத்தத்தோட எம்பொண்ண அனுப்பி, நாளைக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

சங்கீதா என்னிடம் வந்து, "பெரிம்மா, நீயாவது சொல்லேன்," என்று கண்கலங்கினாள். அந்தப் பெண்ணும் என் பால்வாடியில் அ, ஆ எழுதியவள்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. அருள் வந்தவர் என்ன பேசினாலும் அது சாமி பேசியது. மறுநாள் யாரும் அந்த ஆளைப் பிடித்து "நேற்று ஏன் அப்படிச் சொன்னாய்" என்று கேட்க மாட்டார்கள். ஆகவே அருள் வந்ததுபோல் ஆடி, தாயம்மாவின் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிடுவது! கல்யாணமும் நடக்கும், தனத்துக்குச் சொந்தமும் கிடைக்கும், என் மானமும் பிழைக்கும். திருடியதைத் திருப்பி வைக்கும்போதும் கையில் அழுக்குப் படக்கூடாது என்று நினைக்கிற புத்தியைப் பார்த்தீர்களா?

குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். தலையை விரித்து, பல்லைக் கடித்து, உடம்பை உலுக்கி... வெளியிலிருந்து சண்முகம் கதவைத் தட்டினார். "இன்னாம்மே, ஜன்னி கண்டுகிச்சா? ஆசுபத்திரிக்குப் போலாமா?"

பூவாடை அழைக்கும் நாள் வந்தது. காலை வெயிலில் ஏரிக்கரை மடையருகே கூடையில் சேலை, பூ, வளையல், மஞ்சள். ராம்தாஸ் குடும்பத்தையும் நான் வரவழைத்திருந்தேன். பம்பை முழங்கியது. முழங்கிக்கொண்டே இருந்தது. யாருக்கும் எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் கொண்டையை அவிழ்த்தேன்.

ஆடினேன். நன்றாகவே ஆடினேன். பெண்கள் குலவையிட்டார்கள். பம்பைக்காரர் என் முன்னால் வந்து நின்று, "யாரு வந்துகீற? சொல்லு தாயே, யாரு?" என்றார்.

மனப்பாடம் செய்திருந்தேன். நான் தாயம்மா. ஏரியில் சாகவில்லை, கடல் தாண்டிப் போனேன். இதோ நிற்கிறானே ராம்தாஸ், அவன் என் பேரன். நான் தனத்தின் வீட்டுப் பெண். அவ்வளவுதான். பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கண்ணைத் திறந்தேன். எதிரே ராம்தாஸ் கைகூப்பி நின்றார். அவருடைய சின்னப் பெண் பயந்துபோய் அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து "அத்தை..." என்றது.

அந்த வார்த்தைகளைச் சொன்னதும் அவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். வரும் பொங்கலுக்கு ராம்தாஸ் வந்து இறங்கும் ஆட்டோ இரண்டு வீடு தள்ளி நிற்கும். நான் ஒட்டடைக் கம்பை எடுக்க வேண்டும்.

"வந்துட்டேன்டி..." என்றேன். அதற்குமேல் என் வாய் போகவில்லை.

தனம் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "எங்கம்மா போன இம்மா நாளு?"

"தூரம். ரொம்ப தூரம் போய்ட்டேன்."

"எம்மேல கோவமா தாயே?"

"இல்லடி கண்ணு. உம்மேல எனக்கு இன்னா கோவம்?" ஒத்திகையில் இல்லாத கண்ணீர் என் கன்னத்தில் வழிந்தது. அது யாருடையது? என்னுடையதா, அவளுடையதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. "கல்யாணத்த நடத்து!"

விசில் பறந்தது. குலவை ஏரி முழுக்கக் கேட்டது. தனம் விழுந்தாள், சங்கீதா விழுந்தாள், சம்பந்தி வீட்டார் விழுந்தார்கள், ராம்தாஸ் விழுந்தார். எல்லாரும் என் காலில்!

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ராம்தாஸும் சண்முகமும் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆடிய ஆட்டத்தை வாலாஜாபாத்துக்காரர்கள் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள். சுனிதா சங்கீதாவுக்குச் சங்கு வளையல் போட்டாள். பிரியாணி மணக்க, பாட்டு அலற, தனம் என்னையும் இழுத்து ஒரு சுற்று ஆடவைத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

ஆக, கல்யாணம் முடிந்தது. பெரியம்மா வைத்த கெடுவும் முடிந்தது. இனி ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை.

ராம்தாஸ் குடும்பம் ஊருக்குப் போன மறுநாள், தனம் பால்வாடிக்கு வந்தாள். பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அவள் கையில் பூவாடைக் கூடையிலிருந்த சேலை. மஞ்சள் சேலை, சிவப்புக் கரை.

"சாமிக்கு வெச்ச சேல யக்கா. சாமி உம்மேலதான் வந்துச்சு. நீதான் கட்டிக்கணும்."

"எனக்கு எதுக்குடி, சங்கீதாவுக்குக் குடு."

"அட, கட்டுன்றேன்." மடியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தூங்குகிற பிள்ளைகளையே பார்த்தாள். "கல்யாணத்துல எங்கம்மா ஞாபகமாவே இருந்துச்சு யக்கா. அது போறப்போ நான் ஷிப்ட்ல இருந்தேன். நீதான் பக்கத்துல இருந்த. கேக்கணும் கேக்கணும்னு இருப்பேன், கேக்க மாட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட சொல்லச் சொல்லி எதுனா சொல்லிச்சா?"

சொல்லியிருக்க வேண்டும். இதைவிட எளிதாக யாரும் எனக்குக் கதவைத் திறந்துவைக்கப் போவதில்லை.

"உன் பேரையே சொல்லிகினு இருந்துச்சுடி," என்றேன். "வேற ஒண்ணும் சொல்லல."

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அது போதும் யக்கா," என்றாள்.

அவள் போனபிறகு அந்தச் சேலையைப் பிரித்துக் கட்டிப்பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.